தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரசிகை

பெட்டியின் மேல் கை வைத்த ஜீவராஜ், "ஸ்ஸ்..." என்று விரலை உதறினான்.

"முட்டைய ஒடச்சு ஊத்துனா வெந்துரும்னு நான் சொன்னப்ப சிரிச்சீங்க," என்றாள் அவன் மனைவி சர்மிளா, தேங்காய் திருவியபடியே.

பெட்டி என்றது ஒரு பழைய கம்ப்யூட்டரை. மஸ்கெலியா டவுனில் முஹ்ஸின் நானா கடையில் வாங்கியது. மழை பிடித்துக்கொண்டால் இவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் பக்கம் சிக்னல் செத்துவிடும். கதாநாயகன் வில்லனை அடிக்கக் கையை ஓங்கிய இடத்தில் படம் நின்று, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடி விழுந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஜீவராஜ் இந்தப் பெட்டியைச் சேர்வராக மாற்றினான். படமும் பாட்டும் அதிலேயே கிடக்கும். டிவிக்கும் போனுக்கும் வீட்டுக்குள்ளேயே வரும். நன்றாகத்தான் வேலை செய்தது. சூடுதான் தாங்கவில்லை. பகல் முழுக்க ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கிற மெஷின் முன்னால் நின்று வேகிறவனுக்கு வீட்டிலும் ஒரு சூளை எதற்கு?

ஆனாலும் அந்தப் பெட்டிக்கு அவன் நன்றிக்கடன் பட்டிருந்தான்.

பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் சுதாகரனும் அவன் மனைவி நாகலெட்சுமியும். இரண்டு வீட்டு உள்ளறைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு தகரத் தடுப்பு. ஒருநாள் ஜீவராஜ் ஸ்பீக்கரில் பாட்டு வைக்க, சுதாகரன் தகரத்தைத் தட்ட, இவன் வீம்புக்குச் சத்தத்தைக் கூட்ட, அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஆம்பளைகள் பேசாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சர்மிளாவும் நாகலெட்சுமியும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். குடம் நிறையும்வரை ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பது சர்மிளாவுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

பிறகு நாகலெட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பொழுது சாய்ந்து, நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து பனி மேலேறியதும் அழ ஆரம்பிக்கும். எதைக் காட்டினாலும் ஓயாது. அந்தச் சமயத்தில்தான் சேர்வர் வந்தது. தகரத்தை ஒட்டிய மேசையில் அதை வைத்து, சண்டைக்குப் பயந்து மெல்லிய சத்தத்தில் ஒரு பழைய மெலடியை ஓடவிட்டான் ஜீவராஜ். அந்தப் பக்கம் அழுகைச் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை.

அந்த வாரமே நாகலெட்சுமி ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலுமாக வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்க புண்ணியத்துல பாப்பா நல்லா தூங்குதுங்க. நாங்க பேசாம இருந்தும் நீங்களா நெனச்சு செஞ்சீங்களே, இந்த மனசு யாருக்கு வரும்?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஜீவராஜுக்கும் கலங்கிவிட்டது. அவனுடைய பாட்டு ரசனையை இந்த உலகத்தில் ஒரு ஜீவன் மதித்தது அதுதான் முதல் தடவை.

"பாத்தியா? பால்குடிப் புள்ளைக்கு இருக்குற ரசனைய!" என்றான், அவள் போனதும்.

"பேச்சு வந்தப்புறம் கேட்டுப் பாப்போம்," என்றாள் சர்மிளா. ஆனால் அவளுக்கும் சந்தோஷம்தான். மறுநாள் பீலியில் இரண்டு பேரின் குடமும் நிறைந்து வழிந்தது, பேச்சு முடியவில்லை.

இப்படிப்பட்ட ரசிகைக்கு இந்த ஓட்டைப் பெட்டியிலா பாட்டுப் போடுவது? இந்த எண்ணமும் சுட்ட விரலும் சேர்ந்து ஜீவராஜை பஸ் ஏற்றிவிட்டன. பழைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முஹ்ஸின் நானா கடைக்குப் போனான்.

"நானா, இது கொதிக்குது. இத எடுத்துக்கிட்டு நல்ல சேர்வர் ஒண்ணு குடுங்க."

முஹ்ஸின் நானா மேசையில் மூன்றைப் பரப்பினார். "இந்த லெப்டொப் எடுத்தா கரண்ட் போனாலும் ஓடும். இந்தச் சின்னது சட்டப் பைக்குள்ளயே அடங்கிரும். ஆனா நான் சொல்றது இதத்தான். உள்ளுக்கு ரெண்டு டிஸ்க் இரிக்கி. ஒண்டு பழுதானாலும் மத்ததுல பாட்டு இரிக்கும். நாள் முழுக்க ஓடினாலும் ஐஸ் மாதிரி இரிக்கும்."

"பாட்டு துல்லியமா கேக்குமா நானா?"

"கேக்கப் போறது யாரு?"

"பக்கத்து வீட்டு கைக்கொழந்த. ரொம்ப நுணுக்கமான காது."

முஹ்ஸின் நானா அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். வியாபாரி என்பதால் பில் புத்தகத்தை எடுத்தார்.

புதுப் பெட்டி மேசைக்கு வந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. அதே மெலடியை ஓடவிட்டான். பனி ஏறியது. தகரத்துக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது.

"அதே பாட்டக் கேட்டு அலுத்துப்போச்சு போல," என்று தாலாட்டுக்கு மாற்றினான். அழுகை கூடியது. பக்திப் பாட்டு, வயலின், புல்லாங்குழல் என்று ஒரு சுற்று வந்தான். குழந்தை எதற்கும் இரங்கவில்லை. முஹ்ஸின் நானாவுக்குப் போன் போட்டான்.

"நானா, புள்ள கண்டுபிடிச்சிருச்சு! எங்கயோ தரம் கொறையுது."

"நீங்க போடுறது சுருக்கின ஃபைலா இரிக்கும். சுருக்காததப் போட்டுப் பாருங்களேன்," என்றார் அவர், கடையை மூடும் அவசரத்தில்.

ஜீவராஜ் சுருக்காத பாட்டுகளைத் தேடித் தேடி டிஸ்க்கை நிரப்பினான். படங்களுக்கு இடமில்லாமல் போனது. சர்மிளா பாதி பார்த்திருந்த படம் அழிந்ததில் அவளும் பேச்சை நிறுத்தினாள். குழந்தை மட்டும் நிறுத்தவில்லை. சத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லையோ என்று ஸ்பீக்கரைத் தகரத்தோடு ஒட்டி வைத்தான். தகரம் கடகடவென்று ஆடியது. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

மறுநாள் சர்மிளா மௌனத்தைக் கலைத்தாள்.

"நாகலெட்சுமி இன்னிக்கு வேலைக்கு வரல. புள்ளைக்கு சளி கட்டிருச்சாம். பீலியில பாத்தப்ப 'அண்ணனுக்கு எங்க மேல எதும் கோவமாக்கா?'ன்னு கேட்டா. அழுதுருவா போல இருந்துச்சு."

"கோவமா? அந்தப் புள்ளைக்காகத்தானே நான் சோறு தண்ணி இல்லாம பாட்டு தேடிக்கிட்டு இருக்கேன்!"

"எனக்குத் தெரியாதுங்க. அந்த வீட்டோட மறுபடி மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்க என்னால முடியாது. எதாவது செய்ங்க."

ஜீவராஜுக்கு ரொட்டித் தட்டோடு நின்ற நாகலெட்சுமியின் முகம் நினைவில் வந்தது. அப்படி ஒரு நன்றியை அவனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அதைக் காப்பாற்ற அவன் எதற்கும் தயாராக இருந்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பெட்டியை நிறுத்திவிட்டு, தகரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, சொந்தக் குரலில் பாட ஆரம்பித்தான்.

குழந்தை ஒரு கணம் அடங்கியது. பிறகு அது மட்டுமல்ல, லயத்தில் இருந்த எல்லாக் குழந்தைகளும் அழுதன.

வாசல் கதவு படீரென்று திறந்தது. மழையில் தொப்பலாக நனைந்து, தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு சுதாகரன் நின்றான். மூச்சு வாங்கியது. டவுன் பஸ்ஸில் இறங்கி, படிக்கட்டெல்லாம் ஓடியே ஏறி வந்திருக்கிறான். சர்மிளா அவசரமாக இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"தம்பி, பாட்டு புடிக்கலன்னா நிறுத்திர்றேன்..." என்று எழுந்தான் ஜீவராஜ்.

சுதாகரன் மூட்டையை மெதுவாக மேசையில் இறக்கிச் சாக்கை உருவினான். உள்ளே இருந்தது முஹ்ஸின் நானா கடையில் ஜீவராஜ் கொடுத்துவிட்டு வந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தன் ஸ்வெட்டரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பிறகு இரண்டு கையையும் கூப்பினான்.

"நாங்க என்ன தப்பு செஞ்சிருந்தாலும் மன்னிச்சிருங்கண்ணே. பாப்பா குளிர் காயட்டும்னு நீங்களா பாத்து வச்ச பொட்டி இது. ஒங்க பாட்டக்கூட நாங்க பொறுத்துக்கிறோம், இத மட்டும் அந்தத் தகரத்துகிட்ட இருந்து எடுத்துறாதீங்க!"