இல்லாத ஆற்றில் விழுந்த மச்சான்

என் அக்கா புருஷனை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். கொன்றதில்கூட எனக்கு அவ்வளவு வெட்கம் இல்லை. அதை டெலிபோனில் சொன்னேனே, அதுதான் இன்னும் கூசுகிறது.

எண்பதுகளின் நடுவில் நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி அறைத் தோழனுக்கு அமெரிக்காவிலிருந்த மாமா ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பியிருந்தார். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் வாயாலேயே சாகசம் செய்யும் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை நடக்கும் நாட்டைப் பற்றி ஒரு தடிப் புத்தகமும் உண்டு. யாரோ கற்பனையில் கட்டிய நாடு. மலை, ஆறு, ராஜாக்கள், பாலங்கள் எல்லாவற்றையும் அச்சடித்து, மடித்த வரைபடத்தோடு விற்றிருந்தார்கள்.

கோடை விடுமுறைக்கு அதை இரவல் வாங்கிக்கொண்டு குரங்கணியில் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் தவமணிக்கு மேலே சரிவில் ஏலத்தோட்டம். போடியிலிருந்து என் பள்ளித் தோழன் சேதுவும் வந்திருந்தான். அக்கா, மச்சான், சேது மூன்று பேரையும் உட்காரவைத்துக் கதை நடத்தினேன். (நடத்தினேன் என்பதைவிட, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த இங்கிலீஷ் புத்தகத்தை வாசித்தேன் என்பதே சரி.)

மச்சான் வியாபாரி வேடம் எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "மாப்ளே, இந்த நாட்டுல மழை எந்த மாசம்?"

"புத்தகத்துல போடலை மச்சான்."

"லோடு ஏத்தக் கழுதை கெடைக்குமா?"

"போடலை."

"சனங்க என்னதான் திங்கிறாங்க?"

புரட்டினேன். ராஜ வம்சத்துக்குப் பதினேழு பக்கம் இருந்தது. சோற்றுக்கு ஒரு வரி இல்லை. "நல்ல நாடுடா" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஜீப்பைப் பிடிக்க வேண்டுமென்று சேது பாதியில் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகுதான் மச்சான் மூட்டையோடு ஒரு கயிற்றுப் பாலத்தில் கால் வைத்தார். பாரத்தோடு போனால் பாலம் அறும் என்று புத்தகத்தில் இருந்தது.

"மூட்டையை எறக்கிட்டுப் போறேனே மாப்ளே" என்று கெஞ்சினார்.

"கால் வச்சாச்சு மச்சான். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

கீழே ஓடும் ஆற்றில் விழுந்தவர் யாரும் திரும்பியதில்லை என்றும் அதில் இருந்தது. நான் பகடைகூட உருட்டவிடவில்லை. இருபது வயதில் எனக்கு அச்செழுத்து என்றால் வேதம்.

மறுநாள் காலையில், சேதுவுக்கு விஷயத்தைச் சொல்லப் பக்கத்து எஸ்டேட் ஆபீசிலிருந்து போன் செய்தேன். அவன் வீட்டில் போன் கிடையாது. அடுத்த கட்டடமான அரிசி மில்லுக்குத்தான் பேச வேண்டும். மில்காரர் எடுத்தார். சேது அங்கே இல்லை. லைன் கரகரத்ததால் கத்தினேன்.

"சேதுகிட்ட சொல்லிருங்கண்ணே! தவமணி மச்சான் செத்துட்டாரு! பாலம் அறுந்து ஆத்துல விழுந்துட்டாரு! பாடி கெடைக்காது! ஞாயித்துக்கெழமை வந்தா மிச்சத்தைப் பாத்துக்கலாம்!"

"ஐயையோ! ராசிங்காபுரத்துத் தவமணியா தம்பி?"

"ஆமாண்ணே! உங்களுக்குத் தெரியுமா?" என்றேன் சந்தோஷமாக. லைன் போய்விட்டது. (அந்த 'ஐயையோ'வை விளையாட்டின் மேல் அவருக்கு வந்த ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.)

மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மில்காரர் சேதி சொல்லி அனுப்பி, மச்சானின் சொந்த ஊரான ராசிங்காபுரத்திலிருந்து அவருடைய அம்மா, பெரியப்பா, பின்னால் மாலையோடு பத்துப் பன்னிரண்டு பேர். அக்கா தலை நிறையப் பூவோடு, "வாங்கத்தே, என்ன திடுதிப்புன்னு?" என்று சிரித்தபடி ஓடினாள்.

"எம் புள்ளை ஆத்தோட போயிட்டான், நீ பூ வச்சுட்டு இளிக்கிறியாடி பாவி!" அத்தை தலையில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

குளித்துவிட்டு வந்த மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே, "என்னாத்தா, யாரு செத்தா?" என்றார்.

அத்தை எழுந்து அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார். அதுவரை எனக்குச் சிரிப்புதான் முட்டிக்கொண்டிருந்தது. அந்த அழுகையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நான்தான் என்றேன். போனில் கத்தியதை அப்படியே ஒப்பித்தேன். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

மச்சான் குறுக்கே வந்து நின்றார். "விடுங்க பெரியப்பா. எம்மேலயும் தப்பிருக்கு. பாலத்தைப் பாத்துக் காலு வச்சிருக்கணும்."

எல்லோருக்கும் சோறாக்கச் சொன்னார். வரைபடத்தைக் கொண்டுவந்து நடு வீட்டில் விரித்தார். "இம்புட்டு தூரம் வந்துட்டீங்க. இந்த ஆத்துலதான் நான் கெடக்கேன். தூக்கிவிட்டுட்டுப் போங்க."

பெரியப்பா கோபம் குறையாமலே குனிந்து பார்த்தார். "ஆத்தங்கரையில மரமே இல்லையா?"

"போடலை மாமா" என்றேன்.

"போடலைன்னா இல்லேன்னு அர்த்தமாடா? ஆறு இருந்தா கரையில மரம் இருக்கும். மரம் இருந்தா வேர் தொங்கும். அதைப் புடிச்சிருப்பான் எம் புள்ளை."

புத்தகத்தை மூடினேன். இருபது முகம் கொண்ட பகடையை அத்தையிடம் கொடுத்து, பத்துக்கு மேல் விழ வேண்டும் என்றேன். அவர் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு உருட்டினார். பதினெட்டு! துக்கத்துக்கு வந்த கூட்டம் விசிலடித்தது. சாப்பாட்டுக்குப் பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. வேன் கிளம்புவதற்குள் அந்த நாட்டில் ஆனி மாதம் மழை பிடித்தது, கழுதைச் சந்தை கூடியது, சனங்கள் கேப்பைக் களி தின்றார்கள். ராஜாக்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. (சேதுவுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவே இல்லை.)

அன்று மச்சான் என்னை விட்டுக்கொடுத்திருந்தால் அந்தப் பெட்டி அடுப்புக்குப் போயிருக்கும். அக்கா வீட்டுப் படியை நானும் மறுபடி மிதித்திருக்க முடியாது. இன்றுவரை யார் யாரோ எழுதிய நாடுகளை வாங்கிக் கதை நடத்துகிறேன். வாங்கியதும், இங்கே மூட்டை தூக்குகிறவன் என்ன கேட்பான் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அது மச்சான் கொடுத்த புத்தி.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து, யார் என்ன சேதி சொன்னாலும் முதல் கேள்வி இதுதான்: "நெசமாவா, பொஸ்தகத்துலயா?" எனக்குப் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து மச்சானுக்குப் போன் செய்தேன். அவரும் அதையேதான் கேட்டார்.

"நெசமாத்தான் மச்சான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அப்ப இரு மாப்ளே. வெரசா வர்றேன்."