மீன் தொட்டிக்குள் அடித்த மின்னல்

கேட்க வேண்டியதைக் கேட்கக் கூச்சப்படுகிறவனிடம் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. என்னை வைத்தே சொல்கிறேன். ஒருமுறை பேருந்தில் 'இறங்கணும்' என்று சொல்ல வாய் வராமல் எங்கள் ஊரான கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வந்தவன் நான். அப்படிப்பட்டவனை நம்பித்தான் என் மனைவியின் தம்பி செல்வம், தன் பவளப்பாறைத் தொட்டியை எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனான்.

பவளப்பாறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், கோடு போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். நடுவில் ஒரு கல். அதன்மேல் பூப்போல விரியும் ஏழெட்டுப் பவள உயிர்கள். பார்க்கச் செடி மாதிரி இருக்கும், ஆனால் பிராணி. வெளிச்சம்தான் அதற்குப் பாதிச் சாப்பாடு. (அதுவரை எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் இருந்த ஒரே தொடர்பு கருவாட்டு வண்டி.)

அவன் போன பத்தாம் நாள் தொட்டியின் விளக்கு செத்தது. போனில் அவனிடம் சொன்னேன்.

"அத்தான், ரொம்ப நாள் இருட்டுல கெடந்தா பவளமும் செத்துரும். கண்ட்ரோல் பண்ணுத எல்.இ.டி. ஒண்ணு வாங்குங்க. நீலம் கூட, வெள்ளை கொறைய. மொதல்ல கொஞ்சமா வச்சு, மெதுவா ஏத்தணும். எதுக்கும் கடையில நல்லாக் கேட்டு வாங்குங்க."

பக்கத்தில் நின்ற என் மனைவி கோமதி, "யாரு, இவுகளா? கேட்டு?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

நான் சேலை நூலுக்குச் சாயம் போடுகிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும், ஒரு சிவப்பைப் பார்த்து அதில் எவ்வளவு மஞ்சள் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வெளிச்சத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்போடு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

வண்ண மீன் கடையில் ஒரு அம்மா இருந்தார்கள். அதிலேயே எனக்குப் பாதி நாக்கு உள்ளே போய்விட்டது.

"தொட்டி எத்தனை லிட்டர் அண்ணாச்சி?"

கையை விரித்துக் காட்டினேன்.

"உள்ள என்ன பவளம் கெடக்கு?"

தலையாட்டினேன். (அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.)

அவர்கள் பொறுமையாக இரண்டு விளக்குகளை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. இன்னொன்று செல்போனிலிருந்து இயங்குவது; அதில் விடியல், அந்தி, நிலா எல்லாம் உண்டு. "ஒங்களுக்குத் திருகு வச்சதே போதும் அண்ணாச்சி. இது இங்கிலீசுல இருக்கும், செரமப்படுவீய" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் கோமதியின் 'இவுகளா' இன்னும் காதில் இருந்ததால், ஒரு வார்த்தை பேசாமல் விரலை நீட்டிச் செல்போன் விளக்கைக் காட்டினேன்.

வீட்டில் மாட்டி, செல்வம் சொன்னபடி நீலத்தை ஏற்றினேன். அறை முழுக்க ஆம்னி பஸ் மாதிரி ஆகிவிட்டது. மீனின் உண்மையான நிறமே தெரியவில்லை. சாயக்காரன் கண்ணுக்கு அது பொறுக்குமா? நூலின் நிறத்தை நல்ல பகல் வெளிச்சத்தில்தானே பார்க்க வேண்டும் என்று வெள்ளையைக் கடைசிவரை தள்ளிவிட்டேன். மீன் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் பவளம் எல்லாம் மூடிய கைவிரல் மாதிரி சுருங்கிக் கிடந்தது.

செல்வத்திடம் கேட்டிருக்கலாம். கடையில் கேட்டிருக்கலாம். நான் போனை வைத்துக்கொண்டு, தெரிந்த படத்தையெல்லாம் அமுக்கினேன். ஒரு மேகப் படம் இருந்தது. மழையைக் காட்டினால் மனசு குளிர்ந்து விரியுமோ என்று அதையும் அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மூன்று தடவை அமுக்கிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெருவே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டை ஒட்டிய காலி இடத்தில் மூங்கில் கழிகளில் அன்று சாயம் போட்ட ஈர நூலைக் காயப் போட்டிருந்தேன். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் மஞ்சள். கோமதியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அதை வாரி வாரி, வாசலில் கிடந்த ஒரே சிமெண்டுத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போனீய? மின்னல் வெட்டுது, மழை வரப் போவுது, பிடிங்க."

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்போது எதிர்வீட்டுச் சுவரில் பளீரென்று ஒரு வெட்டு. அது எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது.

கோமதி சிவந்த கையோடு உள்ளே போனாள். "இங்கன வந்து பாருங்க, மழை எங்க பெய்யுதுன்னு" என்றாள். நான் அமுக்கிய மேகப் படம் இப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தது; மீன் தொட்டிக்குள் புயலே நடந்துகொண்டிருந்தது. மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. போனில் எதை அமுக்கினாலும் மின்னல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"பிளக்கைப் பிடுங்குவமா?" என்றேன்.

"பிடுங்கிட்டு? அந்தப் பவளம் செத்தா எந்தம்பிக்கு என்ன பதில் சொல்லப் போறீய? கேளுங்க. ஆருகிட்டயாவது வாயத் தொறந்து கேளுங்க."

வாசலில் பத்துப் பெண்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். தொட்டியின் அளவு, பவளம் சுருங்கியது, மின்னல், நூல் என்று வரிசை தெரியாமல் கொட்டினேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கியிருப்பார்கள்.

"லைட்டு பிளக்கை மட்டும் பிடுங்குங்க அண்ணாச்சி. தண்ணி சுத்துத மோட்டார் ஓடட்டும். நாளைக்குக் கொண்டாங்க, திருகு வச்சத மாத்தித் தாரேன்."

இரண்டு திருகு. நீலம் கூட, வெள்ளை கொஞ்சம். காலையில் நானே மெதுவாக ஏற்றினேன், பொழுது சாய நானே மெதுவாக இறக்கினேன். ஆறாம் நாள் ஒரு பவளம் விரிந்தது. ஒன்றைத் தவிர மற்றவையும் பிழைத்தன. செல்வம் லீவில் வந்து பார்த்து, "நல்லாப் பாத்திருக்கீய அத்தான்" என்றான். கோமதி இருமினாள்.

சிவப்பும் மஞ்சளும் ஒன்றில் ஒன்று ஊறிப்போன நூலை என்ன செய்வது? கறுப்புச் சாயம் எந்தத் தப்பையும் மூடிவிடும். பெரும்பங்கைக் கறுப்பில் முக்கினேன். மிச்சத்தைக் கோமதி பிடிவாதமாக ஒரு சேலையாக நெய்யச் சொன்னாள். சிவப்பும் மஞ்சளும் திட்டுத்திட்டாக ஓடும் சேலை. எந்தக் கல்யாணத்துக்கும் அதைத்தான் கட்டுகிறாள். யாராவது புது டிசைனா என்று கேட்டுவிட்டால் போதும். "எங்க வீட்டுக்காரவுக லைட்டு வாங்குன டிசைன்" என்று மேகப் படத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

போன மாதம் ஒரு தறிக்காரர் வந்தார். கல்யாண வீட்டில் அந்தச் சேலையைப் பார்த்தாராம், ஆனால் கதையைக் கேட்கவில்லை போலிருக்கிறது. "அதே சாயத்துல இருவது சேலைக்கு நூல் வேணும் அண்ணாச்சி. எப்படிப் போட்டீய அத?" என்றார்.

உள்ளே கோமதி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"கறுப்பு இருக்கு, வேணுமா?" என்றேன்.