மாப்பிள்ளை கொடுத்த ஐந்து புள்ளி ஒன்று

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் விசாரித்ததுதான், இருந்தாலும் கடிதம் என்று வந்துவிட்டால் விசாரிக்காமல் ஆரம்பிக்க எனக்குக் கை வராது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம், அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல் அலுவலக விலாசத்துக்கு எதற்கு என்று நீங்கள் யோசிப்பீர்கள். போனை எடுத்ததும் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். அந்தப் பக்கம் மகள் கேட்கிறாள், இந்தப் பக்கம் உங்கள் அத்தை கேட்கிறாள். நடுவில் நீங்கள், "சவுண்ட் எல்லாம் எப்படி இருக்கு மாமா?" என்கிறீர்கள். "பிரமாதம் மாப்பிள்ளை" என்கிறேன். வேறு என்ன சொல்வேன். மாப்பிள்ளை கொடுத்த பொருளைக் குறை சொல்லும் துணிச்சல் எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. அதனால் தனியாக எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

டிவிக்குச் சினிமாச் சத்தம் கொடுக்கும் அந்த ரிசீவர் விஷயம்தான். புது வீட்டுக்குப் போனபோது நீங்கள் பெரியதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதைப் பெரிய மனதோடு எங்களுக்கு அனுப்பிவைத்தீர்கள். வண்டியிலிருந்து இறக்கியபோது கீழ் வீட்டு அம்மா, "வாஷிங் மெஷினா?" என்று கேட்டார். "சினிமா தியேட்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைக்கு இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து புள்ளி ஒன்று என்றீர்கள். ஐந்து என்பது ஐந்து ஸ்பீக்கர், அது புரிந்தது. புள்ளி ஒன்று என்பதை ஏதோ சின்னச் சாமான் என்று நினைத்துவிட்டேன். பார்த்தால் அது தரையில் உட்காரும் பெரிய கறுப்புப் பெட்டி. பேரில்தான் புள்ளி, இடத்தில் என்னைவிட அகலம். அது உறுமினால் அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறது, சமையலறையில் மூடிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. நான் நீரேற்று நிலையத்தில் மோட்டார்களோடு மாரடித்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே மூன்றாம் நம்பர் மோட்டாரில் பேரிங் தேய்ந்தபோது இதே சத்தம்தான் வந்தது. சினிமாவில் யாரோ ஹெலிகாப்டரில் போகிறார்கள், நான் பதறி எழுந்து வால்வைத் தேடுகிறேன்.

மாட்டுவதற்கு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். தெருவில் எல்லோரும் அவரை டெஸ்டர் என்றுதான் சொல்வார்கள், சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவர் ரிசீவரைத் திருப்பி அதன் முதுகில் டார்ச் அடித்து ஓட்டைகளை எண்ண ஆரம்பித்தார். எங்கள் பம்பில் தண்ணீர் ஒரு பக்கம் நுழையும், மறு பக்கம் வெளியேறும், அவ்வளவுதான். இதில் நுழைவது, வெளியேறுவது எல்லாமே முதுகில். "சார், இது உங்க டிவிய விட வயசுல மூத்தது, படிப்பிலயும் பெரிசு. ரெண்டையும் பேச வைக்கறது கஷ்டம்" என்றார் டெஸ்டர். எப்படியோ பேச வைத்தார். ஆனால் பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கரில் இடது பக்கத்துக்கு ஒயர் பத்தவில்லை. ஒயர் எங்கே முடிந்ததோ அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டார். அது சரியாக சோபாவின் இடது ஓரம், உங்கள் அத்தை உட்காரும் இடம், அவள் காதுக்கு ஒரு சாண் மேலே. "பழகிடும்மா" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் உங்களுக்கு அலுவலக வேலை கெடும். செய்தி பார்க்க மூன்று ரிமோட் வேண்டும். முதலில் எதை அமுக்குவது, பிறகு எதை அமுக்குவது என்பதில் ஒரு முறை இருக்கிறது, அது தப்பினால் படம் வரும், சத்தம் வராது, அல்லது சத்தம் வரும், திரை நீலமாக நிற்கும். ஒரு நாள் என் கட்டைவிரல் எதன் மேல் பட்டதோ தெரியவில்லை, ரிசீவரில் 'ஸ்டேடியம்' என்று எழுத்து ஓடியது. அன்றிலிருந்து வானிலை அறிக்கை படிக்கும் பெண் ஆளில்லாத மைதானத்தில் தனியாக நின்று கத்துகிற மாதிரி ஆகிவிட்டது. மழை வரும் என்று அவள் ஒரு தடவை சொன்னால் எங்கள் கூடத்தில் நாலு தடவை வந்தது. அதை எடுக்க உங்களுக்குப் போன் செய்யலாம் என்றால், பிரமாதம் என்று சொல்லிவைத்தது குறுக்கே வந்தது. டெஸ்டர் வந்து எடுத்துவிட்டார், அதற்கும் ஒரு கூலி. இதற்கிடையில் உங்கள் அத்தையின் காதருகே இருக்கும் ஸ்பீக்கரில், சினிமாவில் யார் கதவைத் தட்டினாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது போலவே கேட்கும். அவள் எழுந்து போய்த் திறப்பாள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இப்படிப் பல தடவை ஏமாந்தபின், "இனிமே யாரு தட்டினாலும் நான் எந்திரிக்கறதா இல்ல" என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் நிஜமாகவே கேஸ் சிலிண்டர்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். கீழ் வீட்டு அம்மா சொல்லித்தான் தெரியும்.

இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, மாப்பிள்ளை. மனிதன் எதற்கும் பழகிக்கொள்வான். எனக்கு இருக்கிற ஒரே குறை, உங்கள் அத்தை இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை. அடுப்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். நான் கூடத்தில் தனியாக இருக்கிறேன். மகள் கல்யாணமாகிப் போனபின் எங்களுக்கு வீட்டில் ஒரே பொழுதுபோக்கு, சாயங்காலம் அந்த சோபாவில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து டிவி பார்ப்பதுதான். அது போய்விட்டது.

எப்படிப் போனது என்றும் சொல்லிவிடுகிறேன். இடது ஸ்பீக்கர் இரைச்சலாக இருக்கிறது என்று நான் ஒரு நாள் உங்களிடம் ஜாடையாகச் சொன்னேன், நினைவிருக்கிறதா? "ரூமை அளவெடுக்கவே இல்லையா மாமா? அட்டைப்பெட்டியில ஒரு குட்டி மைக் இருக்கும். மெயினா யாரு பார்க்கறாங்களோ அவங்க சீட்ல, காது உயரத்துல வைங்க. யாரும் பேசக் கூடாது. அதுவே எல்லாத்தையும் சரி பண்ணிக்கும்" என்றீர்கள். நான் யோசிக்கவே இல்லை, பழைய புத்தகங்களை என் இடத்தில் அடுக்கி அதன் மேல் மைக்கை வைத்தேன். "மெயினா பார்க்கறவரு நீங்கதானா?" என்று உங்கள் அத்தை கேட்டாள். சும்மாதான் கேட்கிறாள் என்று நினைத்து "ஆமா" என்றேன். பட்டனை அமுக்கியதும் ஒவ்வொரு ஸ்பீக்கராக உஸ்ஸென்று சீற ஆரம்பித்தது. பாதியில் குக்கர் விசில் அடித்தது. இடது ஸ்பீக்கர் அடுத்த தெருவில் இருப்பதாக ரிசீவர் கணக்குப் போட்டது. மறுபடியும் ஆரம்பித்தேன். "குக்கர நிறுத்திட்டேன், இப்ப போடுங்க" என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள், அதையும் சேர்த்து அளந்துவிட்டது. மூன்றாவது தடவை நான் விரலை நீட்டி, "பேசாதேன்னா பேசாதே" என்றேன். அதன்பிறகு குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அளவு கச்சிதமாக வந்தது. 'வெற்றி' என்கிற அர்த்தத்தில் ஏதோ திரையில் போட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள்.

இப்போது என் இடத்தில் உட்கார்ந்தால் சத்தம் அற்புதம், அதை மறைக்கவில்லை. இலை விழுவது எந்த மூலையில் என்றுகூடச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு படமும் புரியவில்லை. உங்கள் அத்தை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள், டிவி முன்னால் உட்கார்ந்தாலும் வகுப்புதான். "இவன் முழியே சரியில்ல, பத்திரத்த இவன்தான் எடுத்திருப்பான் பாருங்க" என்பாள். "ஐயோ, அவ தங்கச்சி இல்ல, நாத்தனார்" என்பாள். எனக்கு மீசை வைத்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள். அவள் சொல்லச் சொல்ல 'ம்' கொட்டிக்கொண்டு இத்தனை வருஷமும் ஒப்பேற்றிவிட்டேன். இப்போது ஒருவன் சுடுகிறான், ஒருவன் விழுகிறான், சுட்டவன் தம்பியா பகையாளியா என்று சொல்ல ஆளில்லை. போன வாரம் பொறுக்க முடியாமல், "இவன் யாரு?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன். "கேட்கல" என்றாள். அந்தப் புள்ளி ஒன்று அப்போது பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

நான் சும்மா இருந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, அதே புத்தகங்களை அவள் இடத்தில் அடுக்கி, மைக்கை அங்கே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அளவெடுத்தேன். இப்போது வசனம் அவள் இடத்தில்தான் தெளிவாகக் கேட்கும், இரைச்சல் எல்லாம் என் பக்கம். புத்தகங்களை எடுத்தால் அளவு கலைந்துவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். வந்து உட்கார்ந்தால் தானாகத் தெரிந்துகொள்வாள் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். வருகிறாள், அந்த இடத்தைப் பார்க்கிறாள், மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். சத்தம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தப் பெட்டியையே பிடிக்காமல் போய்விட்டது. அது தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே மாப்பிள்ளை, ஒரே ஓர் உதவி. வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, ரிசீவர் உங்களுக்கே திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். மாடி அறைக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், நண்பர் கேட்டார் என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள். நான் கேட்டதாக மட்டும் தெரிய வேண்டாம். நான் கொஞ்சம் வருத்தப்படுகிற மாதிரி பேசுவேன், அதை நம்பிவிடாதீர்கள். அந்தப் பெட்டி போனால் பழைய டிவியின் கரகரச் சத்தத்தோடு அவளும் வந்து பக்கத்தில் உட்காருவாள். இந்த வயதில் எனக்கு அது போதும். வண்டிக்கூலி என்னுடையது.

மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை பாருங்கள். இரண்டு பேரும் நூறு வருஷம் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. மாமா தபால் தலை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். கடிதத்தைக் கவரில் போட்டு, ஒட்டாமலே செய்தித்தாளுக்கு அடியில் செருகிவிட்டு, ஒளித்துவைத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு போயிருக்கிறார். கறிகாய் நறுக்க அந்தச் செய்தித்தாளைத்தான் நான் எடுப்பேன் என்பதுகூட இவருக்குத் தெரியாது.

பெட்டியைத் திரும்பக் கேட்காதீர்கள். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? பேசாதே என்று சொன்னவர், அளவெடுத்து முடித்த பிறகு இனிமேல் பேசலாம் என்று சொல்லவே இல்லை. சரி, நம்ம பேச்சு இவருக்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கிறது, இத்தனை வருஷமும் பொறுத்துக்கொண்டு ம் கொட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், என் இடத்தில் புத்தகத்தை அடுக்கி வைத்திருக்கிறார். அந்த இடமும் போச்சு என்று அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். அழுகைகூட வந்தது. இதை மகளிடம் சொல்ல வேண்டாம்.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. எழுந்து வந்து, "வா, வந்து உட்காரு" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல், இந்த மனுஷர் ஊர் தாண்டி உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார், பாருங்கள்.

கவரை நானே ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன். தானே ஒட்டியதாக நினைத்துக்கொண்டு தபால் தலையை ஒட்டிப் போட்டுவிட்டு வருவார். இன்றைக்குச் சாயங்காலம் நான் அந்தப் புத்தகங்களை எடுத்துவிட்டு உட்காரப் போகிறேன். படம் ஆரம்பித்ததிலிருந்து முடிகிறவரைக்கும் பேசப் போகிறேன். வசனம் ஒன்றும் கேட்கவில்லை, எந்தப் பட்டனை அமுக்கணும் என்று மாமா உங்களுக்குப் போன் செய்தால், தயவுசெய்து சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.