பூட்டு – காண்க: கதவு

எங்கள் நகர அலுவலகத்தின் கையேட்டில் அறுநூற்று நாற்பது பக்கம் விதிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் மேலே ஒரு விதி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கையேட்டின் பின்னால் உள்ள அகரவரிசை அட்டவணை வழியாக வந்து சேராத எந்த விதியையும் காட்டி, பொதுமக்கள் எவரும் எதையும் கேட்கக் கூடாது. வாசல் வழியாக வருபவர் விருந்தாளி, ஓடு பிரித்து இறங்குபவர் திருடர் என்பது இதன் தத்துவம்.

அந்த அட்டவணையைக் கணினியில் செய்பவன் நான். பதினோரு வருட அனுபவம். மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு மேஜை. யாராவது படியிறங்கினால் என் திரை லேசாக ஆடும். தினமும் காலையில் அட்டவணையைப் புதுப்பித்து, அச்செடுத்து, நூல் கோத்து, கவுன்ட்டரில் கட்டித் தொங்கவிடுவேன். மக்கள் வருவார்கள், சொல்லைத் தேடுவார்கள், பக்க எண்ணைப் பார்ப்பார்கள், விதியைக் காட்டுவார்கள், வேலை நடக்கும். இப்படி ஒரு கேவலமான நிலையில்தான் அலுவலகம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆணையர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். பயிற்சிக்குப் போன அதிகாரி சும்மா திரும்பினதாகச் சரித்திரமே இல்லை. போன தடவை எல்லாக் கோப்புகளுக்கும் நீல நாடா. அதற்கு முந்தின தடவை எல்லோரும் நின்றுகொண்டே கூட்டம். இந்தத் தடவை நேராக என் மேஜைக்கு வந்தார்.

"நல்ல புத்தகத்தோட அட்டவணையில எல்லாம் 'காண்க'ன்னு ஒண்ணு இருக்காமே. நம்மகிட்ட இருக்கா?"

"இருக்குங்க ஐயா. ஒரே விஷயத்துக்கு ரெண்டு பேர் இருந்தா போடுவோம். குப்பைன்னு தேடறவங்கள, 'காண்க: கழிவு'ன்னு அனுப்புவோம்."

"எத்தனை இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க. அந்தக் குப்பை."

ஆணையர் முகம் வாடிவிட்டது. பயிற்சியில் பக்கத்து நாற்காலிக்காரருடைய அலுவலகத்தில் எண்பது இருந்ததாம்.

"எப்படிப் போடறீங்க? காட்டுங்க."

காட்டினேன். சொல்லைத் தேர்ந்தெடுத்து அட்டவணைக்கென்று குறித்தால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் இரண்டு வட்டம். ஒன்று 'இந்தப் பக்கம்', இன்னொன்று 'காண்க'. முதலாவதைத் தொட்டால் பக்க எண் வரும். இரண்டாவதைத் தொட்டால் நாம் எழுதுகிற சொல் வரும், பக்க எண் வராது.

"பக்க எண் வராதா?"

"வராதுங்க. வேற சொல்லுக்குத்தானே அனுப்பறோம்."

"அப்போ அந்தச் சொல்லைப் பார்த்துட்டு வர்றவரு, நம்ம பக்கத்துக்கு வர மாட்டாரா?"

"வர மாட்டாருங்க."

ஆணையர் என் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். முப்பது வருட சேவையில் ஒரு மனிதர் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டால் முகம் எப்படி இருக்குமென்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'நவீன அட்டவணைக் கொள்கையின்படி, ஒவ்வொரு பிரிவும் தன் பொருள்களைத் தக்க பிற பொருள்களுடன் இணைத்துப் பெருமை சேர்க்குமாறு அன்புடன் பணிக்கப்படுகிறது.'

பிரிவுகள் என் மேஜைக்கு வரிசை கட்டின. வருடக்கணக்காகக் கேட்டும் ஒரு பட்டியல் தராதவர்கள்கூட அன்று ஓடி வந்தார்கள்.

சாக்கடைப் பிரிவு முதலில் வந்தது. "சாக்கடை ஏன் அடைக்குது? ரோடு தூக்கிட்டதால. போடுங்க, காண்க: சாலை."

சாலைப் பிரிவு விடுமா? "ரோடு ஏன் தூக்குது? வேர் வந்து தூக்குது. காண்க: மரம்."

மரப் பிரிவு மரத்தை மின்கம்பிக்கு அனுப்பியது. மின்கம்பி மழைக்குப் போனது. மழைக்குப் பொறுப்பான பிரிவு எங்களிடம் இல்லை. ஆகவே, 'மழை – காண்க: மேலே' என்று ஆணையரே தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். மேலே என்பது மேலிடமா வானமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு இடத்திலிருந்தும் பதில் வருவதில்லை.

இப்படி ஒரே மாதத்தில், பழைய குப்பையோடு சேர்த்து, நானூற்றுப் பன்னிரண்டு 'காண்க' ஆனது. 'பொறுப்பு – காண்க: பிறர்' என்பதை எல்லாப் பிரிவுகளும் ஒருமனதாக நிறைவேற்றின. 'திருத்தம் – காண்க: பிழை', 'பிழை – காண்க: திருத்தம்' இரண்டும் ஆணையரின் சொந்தச் சரக்கு. அட்டவணையில் கடைசிப் பக்க எண் நீங்கிய அன்று எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவனைத் தேடி ஓர் அலுவலகமே வந்தால் யாருக்குத்தான் தலை கால் புரியும்?

மக்கள் வந்தார்கள். சொல்லைத் தேடினார்கள். அது காட்டிய சொல்லைத் தேடினார்கள். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லை என்று புறப்பட்ட சொல்லுக்கே வந்து நின்றார்கள். யாரையும் யாரும் 'முடியாது' என்று சொல்லி அனுப்பவில்லை. அதுதான் இதில் அழகு. கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் குறைந்துவிட்டது என்று மருத்துவரே சொன்னாராம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் அக்காவின் சலவைக் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

குற்றம் இதுதான். கடையின் பெயர்ப்பலகை, விதித்த நீளத்தைவிட ஒரு சாண் அதிகம். அக்கா அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு ஒரு சாணை அறுத்துப் போட்டுவிட்டாள். 'சலவைக் கடை' என்பது 'சலவைக்' என்றானதுதான் மிச்சம். பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே ஊரார் துணி அத்தனையும் கிடந்தது. முக்கியமாக, பெரிய விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகள் இருநூறு. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் விடுதிக்காரர் வேறு கடைக்குப் போய்விடுவார். அந்த விடுதியை நம்பித்தான் அக்காவின் கடை ஓடுகிறது. கடையை நம்பித்தான் அக்கா, அவளுடைய இரண்டு பெண்கள், சும்மா இருக்கும் அத்தான் எல்லோரும்.

புதன்கிழமை கவுன்ட்டரில் அக்கா குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

"பூட்டைத் திறக்கணும்மா. பலகைய அறுத்துட்டேன். வந்து பாருங்க."

"அட்டவணையில பாருங்க," என்றார் கவுன்ட்டர் அம்மா, இரத்த அழுத்தம் ஏறாமல்.

"பார்த்தேன். பூட்டு, காண்க கதவுன்னு இருக்கு."

"கதவைப் பாருங்க."

"கதவு, காண்க கடை. கடை, காண்க உரிமம். உரிமம், காண்க முத்திரை."

"அப்புறம் என்ன? முத்திரையைப் பாருங்க."

"முத்திரை, காண்க பூட்டு!"

"பாத்தீங்களா, சரியா வந்து சேர்ந்துட்டீங்களே," என்று பாராட்டினார் கவுன்ட்டர் அம்மா.

அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். நேரே மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றாள்.

"டேய், இந்தப் புக்கைச் செஞ்சது நீதானே?"

"அக்கா, நான் டைப் அடிக்கிறவன்."

"விதி எந்தப் பக்கம்னு தெரியுமா, தெரியாதா?"

தெரியும். நானூற்றெட்டாம் பக்கம். எனக்கு மனப்பாடம். ஆனால் நான் வாயால் சொன்னால் அது ஓடு பிரித்து இறங்குவது ஆகிவிடும்.

"தெரியும்க்கா. ஆனா அட்டவணையில இல்ல."

"என் வயித்துல அடிக்கிற அட்டவணைய உட்கார்ந்து அழகு பார்த்துட்டு இருந்தியாடா நீ? அடக் கடவுளே, இவனுக்கா நான் இடுப்புல தூக்கி வச்சு சோறு ஊட்டினேன்?"

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. ஆணையரிடம் போய் நின்றேன்.

"ஐயா, 'பூட்டு'க்கு மட்டும் பக்க எண் போட்டுடலாமா?"

"போடலாமே. திருத்தம்தானே? திருத்த விண்ணப்பம் எந்த விதியில வருதுன்னு அட்டவணையில பார்த்துட்டு வாங்க."

திருத்தம், பிழை, திருத்தம், பிழை. நின்ற இடத்திலேயே நாலு சுற்று சுற்றினேன். ஆணையர் கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை, எவரும் வருவதற்குள், நானூற்றெட்டாம் பக்கத்தைத் திறந்தேன். 'பூட்டு' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டி திறந்தது. முதல் வட்டத்தைத் தொட்டேன்: இந்தப் பக்கம். பழைய 'காண்க'வை அழித்தேன். புதுப்பித்தேன். நானூற்றுச் சொச்சம் சொற்களுக்கு நடுவில் ஒரே ஓர் எண் முளைத்து நின்றது. பூட்டு, 408.

பத்து மணிக்கு அக்கா வந்தாள், தேடினாள், பக்கத்தைப் புரட்டினாள், விதியை உரக்க வாசித்தாள். 'பூட்டுக்குக் காரணமான குறை நீங்கிய பின்னரே பூட்டு திறக்கப்படும். எந்தப் பூட்டும் விண்ணப்பித்த அன்றே திறக்கப்படும்.' கவுன்ட்டர் அம்மா விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். வாசல் வழியாக வந்த விருந்தாளி ஆயிற்றே! மதியம் கடை திறந்தது. வெள்ளிக்கிழமை காலை இருநூறு விரிப்பும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அக்காவுக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் தெருவில் இரண்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை. அக்கா வாசித்ததைக் காது கொடுத்துக் கேட்டார். வீட்டுக்குப் போனார். தெருக்குழாய்க்குச் சங்கிலி சுற்றி ஒரு பூட்டுப் போட்டார். திரும்பி வந்தார்.

"பூட்டைத் திறக்கணும்."

"யார் போட்டது?" என்றார் கவுன்ட்டர் அம்மா.

"விதியில 'எந்தப் பூட்டும்'னுதான் இருக்கு. யார் போட்டதுன்னு கேக்கல."

"சரி, எதுக்குப் போட்டீங்க?"

"தண்ணி வரல, அதான் குறை. குறை தீர்ந்த பிறகுதான் திறக்கணும். ஆனா இன்னைக்கே திறக்கணும். அப்போ குறையை எப்போ தீர்க்கணும்? கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். விடை சரியாக வந்தது. சாயங்காலம் அந்தத் தெருவில் தண்ணீர் வந்தது.

ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பூட்டு. சாலைப் பள்ளத்தைச் சுற்றி நாலு கம்பு நட்டு, சங்கிலி கட்டிப் பூட்டினார்கள். எரியாத விளக்குக் கம்பத்தைப் பூட்டினார்கள். ஓய்வூதியம் வராத ஓர் அம்மையார், தன் கோப்பு தூங்கிய எங்கள் அலமாரிக்கே பூட்டுப் போட்டுவிட்டு அதே மூச்சில் விண்ணப்பமும் கொடுத்தார். அன்றன்றே எல்லாம் தீர்ந்தது. அலுவலகத்தில் ஒருவருக்கும் உட்கார நேரமில்லை. சாக்கடைப் பிரிவு அலுவலர், வாழ்நாளில் முதல்முறையாக, சாக்கடை ஒன்றை நேரில் பார்த்தார்.

ஆணையர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த நானூற்றெட்டை எடுத்துடுங்க. உடனே."

"எடுத்துடலாங்க ஐயா. திருத்தம்தானே?"

ஆணையர், தான் கையொப்பமிட்ட அட்டவணையைத் தானே எடுத்துப் பார்த்தார். திருத்தம், பிழை, திருத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, யாரோ படியிறங்கினார்கள்; ஆடும் திரையைப் பிடிக்கும் சாக்கில் ஓடிவிட்டேன்.

மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. குறைகளை அன்றே தீர்க்கும் ஒரே அலுவலகம் என்று விருது. ஆணையருக்குக் கேடயம், எனக்குச் சான்றிதழ். நாலைந்து ஊர்களிலிருந்து அதிகாரிகள் எங்கள் முறையைப் படிக்க வந்தார்கள். மிகுந்த அக்கறையோடு பார்த்துவிட்டு, நானூற்றுப் பதினோரு 'காண்க'வையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு போனார்கள். பக்க எண் ஒன்று தவறுதலாக விழுந்திருப்பதாகச் சொல்லி, அதை மட்டும் நாகரிகமாக விட்டுவிட்டார்கள்.

விருது மேடைக்குப் போட்டுக்கொள்ள என்னிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. அக்காவிடம் வெளுக்கக் கொடுத்திருந்தேன். அன்று காலை வாங்கப் போனேன். கடையில் நல்ல கூட்டம். பலகைகூடப் புதிது, விதித்த நீளத்தில்.

"அக்கா, என் சட்டை?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கிய நோட்டைக் காட்டினாள். புரட்டினேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'சட்டை – காண்க: நிறம். நிறம் – காண்க: சாயம். சாயம் – காண்க: வாடிக்கையாளர் கவனக்குறைவு.'

"என்னக்கா இது? சட்டை இருக்கா, இல்லையா?"

"புக்குல பாருடா."

"நான் உன் தம்பிக்கா."

"'உறவு'ன்னு தனியா போட்டிருக்கேன், பாரு."

பார்த்தேன். 'உறவு – காண்க: வரிசை.'

"உனக்கே இது நியாயமா? இதே மாதிரி ஒரு புக்கால உன் பொழப்பே போக இருந்துச்சே?"

"அதனாலதான்டா கத்துக்கிட்டேன்," என்றாள் அக்கா, இஸ்திரிப் பெட்டியை ஒரு விரிப்பின் மேல் இழுத்துத் தேய்த்தபடி. "முன்னெல்லாம் துணி காணலன்னா என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. இப்போ புக்கோட சண்டை போட்டுட்டு, அவங்களே களைச்சுப் போய் வீட்டுக்குப் போயிடறாங்க. நல்ல ஏற்பாடுடா. உங்க ஆபீஸ்ல புத்திசாலிங்கதான் இருக்காங்க."

எனக்குப் பின்னால் நின்ற கணக்கு வாத்தியார், இடுப்பில் ஒரு துண்டோடு, "சீக்கிரம் பார்த்துட்டுக் குடுங்க தம்பி, என் வேட்டி எங்கன்னு பார்க்கணும்," என்றார்.

நோட்டைக் கொடுக்கப் போனேன். கை நின்றது. 'போர்வை' முன்னால் இருந்தது, 'பை' அதற்குப் பின்னால் இருந்தது. வரிசை தப்பு. பதினோரு வருடக் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டையும் இடம் மாற்றி, அடிக்கோடு போட்டுச் சரிசெய்த பிறகுதான் வாத்தியாரிடம் நோட்டைக் கொடுத்தேன்.