அம்மாவின் குரலை எல்லாக் கிளினிக்கிலும் ஒலிக்கவிடக் கோரி மாமாவுக்கு

பாசத்துக்கும் பாஸ்வேர்டுக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகள் எழுதுவது. இங்கே அம்மா, நான், வைஃபை மூவரும் நலம். அங்கே நீங்களும் சர்வரும் கீழே விழாமல் இருக்கிறீர்களா?

அம்மா வரவேற்பில் உட்காரும் பல் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவது உங்கள் மென்பொருள்தானே? அது ஒரே ஒருமுறை பூனை மாதிரி கூப்பிட்டுவிட்டு, கடமை முடிந்ததென்று படுத்துவிடும். வந்தவர்களோ போனுக்குள் தலையை விட்டிருப்பார்கள். மிச்சத்தை அம்மாதான் கத்தித் தீர்க்க வேண்டும். வீடு திரும்பும்போது தொண்டையில் வெறும் காற்றுதான் வரும். அதனால்தான் (கொஞ்சம் குறும்புக்காகவும்தான்) உங்கள் மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு ப்ளகின் எழுதி மாட்டினேன். முதல் அழைப்புக்கு ஆள் வராவிட்டால் இரண்டாவது அழைப்பு அம்மா குரலில் வரும். காலையில் என்னை எழுப்பும்போது பதிவு செய்தது: "எத்தனை தடவை கூப்பிடறது? காதுல என்ன பஞ்சா? எந்திரி!" கூப்பிட்ட ஆள் மட்டுமல்ல, மொத்த ஹாலும் எழுந்து நின்றது. ஒரு போலீஸ்காரர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். உள்ளே டாக்டர் கையைக் கட்டிக்கொண்டாராம். பிறகு அவரே, "இருக்கட்டும்மா, இப்பத்தான் எல்லாரும் நேரத்துக்கு வர்றாங்க" என்றார். அம்மா என்னிடம், "வீட்டுக்கு வா, வச்சிக்கறேன்" என்றாள். எவ்வளவு தெளிவான குரல் தெரியுமா மாமா! எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு!

ஆனால் நீங்கள் அப்டேட் அனுப்பும்போதெல்லாம் ப்ளகின் கழன்றுவிடுகிறது, அம்மா மறுபடி கத்துகிறாள். ஆகவே உங்கள் ஆபீஸ் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதை மென்பொருளுக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள், அம்மா குரலோடு. "ஒரு கிளினிக்ல ஓடுதுன்னு எல்லார் தலையிலயும் கட்ட முடியுமாடி? உள்ள சேத்துட்டா காலத்துக்கும் நாமதான் சுமக்கணும்" என்று போனில் சொன்னீர்கள். சுமப்போம் மாமா! பள்ளிப் பையைத் தவிர எதையும் சுமக்க நான் தயார். அந்தக் குரலுக்கு இன்றும் நீங்களே எழுந்து நிற்பீர்கள், மற்றவர்கள் எம்மாத்திரம்?

வாழ்த்த வயதில்லை, ஆனாலும் துணிந்து வாழ்த்துகிறேன்: உங்கள் கோடிங்கில் பிழையும் தலையில் வழுக்கையும் பரவாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பளமில்லா ஊழியை

பி.கு.: அடுத்த வாரம் எங்கள் பள்ளிக் கேன்டீனிலும் உங்கள் மென்பொருளைத்தான் மாட்டப்போகிறார்களாம். இப்போதுதான் தோழி சொன்னாள். மாமா, மேலே உள்ள எதையும் படிக்காதீர்கள். இரண்டாவது அழைப்பை மட்டும் உள்ளே சேர்த்துவிடுங்கள். யார் குரல் என்பதை அவரவர் மாட்டிக்கொள்ளட்டும். அம்மாவின் தொண்டையும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும்.