துண்டுக்கு அடியில் ஒரு மாடு

கேஸை மூடினேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான். (ஒரே நாளில் இரண்டு தடவை திரும்பியதும் உண்டு.) அப்படிப்பட்டவன் பொய் சொல்லக் கூடாது. சொன்னேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, சிங்காநல்லூரில் ஒரு பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். போன வருஷம் சில பையன்கள் சொந்தச் செலவில் படம் எடுக்க வந்தார்கள். பம்பு கம்பெனி ஆட்கள் நாலு பேர் ஆர்டர் பிடிக்க வெளியூர் போய்ப் படுகிற பாடுதான் கதை. "அதுல வர்ற கணக்கருக்கு எப்பவும் பயந்த மூஞ்சிங்ணா. நீங்க நடிக்கவே வேண்டியதில்லீங்க" என்றார் டைரக்டர் தம்பி. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சினிமாவுக்காக லீவு போட என் மனைவி ஸ்டெல்லா விடமாட்டாள். அதனால், "கம்பெனி வேலையா உடுமலைக்கு அனுப்பறாங்க" என்றேன். பெருமை தாங்காமல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வழிக்கு முறுக்கு கொடுத்தார். விஷயம் வெளியே வந்தால் ஸ்டெல்லா தெருவில் எப்படித் தலைகாட்டுவாள்?

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் படப்பிடிப்பு. கணக்கர் கூட்டத்தில் வழி தவறி ஒரு தரகரிடம் சிக்க வேண்டும். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள்; பிடிக்கிற விரல் கூடக் கூட விலையும் கூடும்.

"பச்சைத் துண்டு போட்ட தரகர் நம்ம ஆளுங்ணா. கையை நீட்டுவாரு. கெட்டியாப் புடிச்சுத் தலையாட்டிப்போட்டு, அச்சாரம்னு இதைக் குடுத்துருங்க." என் சட்டைப்பையில் சில நோட்டுகளைத் திணித்துவிட்டு, டைரக்டர் தூரத்து வேனுக்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டார்.

இறங்கிப் பார்த்தால் சந்தையில் பாதிப் பேர் பச்சைத் துண்டு. முதலில் கை நீட்டியவருக்கு என் கையைக் கொடுத்தேன். அவர் மெதுவாக விரலைத் தொட்டார். நான் பயத்தில் ஐந்து விரலையும் சேர்த்து நசுக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. நோட்டு கைமாறியது, ஒரு செவலைப் பசுவின் கயிறு என் கைக்கு வந்தது.

"கட்! பிரமாதம்ங்ணா!" என்று வேனிலிருந்து சத்தம். அந்நேரம் பஜ்ஜி தின்றபடி இன்னொரு பச்சைத் துண்டுக்காரர் வந்து கேட்டார்: "ஏனுங்க, நம்ம சீன் எப்பங்க?"

என் கையைப் பிடித்தவர் நிஜத் தரகர். "படமோ கிடமோ, கை குடுத்தாச்சு, கயிறும் மாத்தியாச்சுங்க. இப்ப இல்லீன்னா நாளைக்கு எவனுங்க என்ற கையைத் தொடுவான்?" டைரக்டர் கெஞ்சினார். கடைசியில் தரகர் என் முகத்தைப் பார்த்து இரங்கினார். "ஊட்டு அம்மணிக்குப் போன் போடுங்க. அவங்க வேண்டாம்னா மாட்டுக்காரருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

போன் போடுவதா, மாட்டை ஓட்டிக்கொண்டு போவதா? நிஜமாகவே யோசித்தேன். எங்களுடையது இரண்டாவது மாடியில் வாடகை வீடு. (படியின் அகலத்தைக்கூட மனதில் அளந்தேன்.) போன் போட்டேன்.

"உடுமலை போயிட்டீங்களா? அதென்ன சத்தமுங்க?"

"மாடு."

"யாரு மாடு?"

"நம்ம மாடு."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "தரகர்கிட்டக் குடுங்க" என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்ணா, எத்தனாவது ஈத்துங்க?"

"ரெண்டாவது கன்னுங்க அம்மணி."

"பாலு?"

"நேரத்துக்கு நாலு லிட்டர் கறக்குமுங்க."

"நல்ல மாடுதான். ஆனா வேண்டாமுங்க. வேணும்னா எங்க ஊட்டுக்காரரைப் புடிச்சுக் கட்டிக்குங்க."

தரகர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கயிற்றை வாங்கிக்கொண்டு நோட்டுகளைத் திருப்பித் தந்தார்.

நான் வீடு சேர்வதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. சொன்னது ஸ்டெல்லாதான். நான் பொய் சொல்லிக் காப்பாற்ற நினைத்த மானத்தை அவள் ஒரு நிமிஷத்தில் விற்றுவிட்டாள். தெரு முழுக்கச் சிரித்து வாங்கிக்கொண்டது.

போன மாதம் அவள் அண்ணன் மகள் கல்யாணம். மேடையேறி மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போனேன். பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது: "ஏனுங்க, அழுத்திப்போடாதீங்க. மாப்பிள்ளையை ஓட்டிட்டுப் போயிக் கட்ட நம்ம ஊட்டுல எடமில்லீங்க."

மாப்பிள்ளைக்கும் கதை தெரிந்திருக்க வேண்டும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டார்.