நல்ல காலுக்குக் கட்டுப் போட்ட அக்கா

உலகத்திலேயே நல்ல காலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்த ஒரே ஆத்மா எங்கள் பேண்டேஜ் அக்காதான். விழுப்புரம் கல்லூரி விடுதியில் எங்கள் கபடி அணியின் கேப்டன். ஊர் கிளியனூர். சொந்தப் பெயர் என்னவென்று வார்டனுக்கே சந்தேகம்.

கட்டுப் போட்ட கணுக்காலைத்தான் எதிரணிக்காரி பாய்ந்து பிடிப்பாள் என்பது அக்காவின் கட்சி. ஆகவே வலது கால் சுளுக்கினால் இடது காலில் கட்டு! "அவளுங்க நல்ல காலைப் புடிச்சிக்கினு தொங்கட்டும்டி. நீ இழுத்துக்கினு கோட்டுக்கு வந்துடு" என்பாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டைப் பார்த்துப் பார்த்து, நாங்கள் அந்தக் காலையே நொண்ட ஆரம்பித்துவிடுவோம்.

பல்கலைக்கழக அணித் தேர்வு நெருங்கும் நேரத்தில் என் வலது கணுக்கால் மடங்கி, பூரி மாதிரி உப்பிவிட்டது. அக்கா வழக்கம்போல் இடது காலில் கட்டிவிட்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை. விடுதியே என் கையைக் குலுக்கியது. வலி என்னவோ அப்படியேதான் இருந்தது. ஐஸ் வை என்றாள் ஒருத்தி, வெந்நீர் ஊற்று என்றாள் இன்னொருத்தி. நடக்காதே என்றார் வார்டன், நடந்தால்தான் சரியாகும் என்றார் பி.டி. சார். யார் மனமும் நோகக் கூடாதென்று, காலில் ஐஸைக் கட்டி வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கண்றாவியைப் பார்த்த அக்கா, தன் ஊருக்குப் போகும் வழியில் இருக்கும் திண்டிவனத்தில் தனக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் என்னை இழுத்துப் போனாள். அவர் கட்டை அவிழ்த்து, காலைத் திருப்பி, அமுக்கி, வளைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு?"

"ஆமாங்க மேடம், அது நல்ல காலு" என்றாள் அக்கா.

"அப்ப கட்டு எதுக்கு?"

"அடிபட்ட காலு எதுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுங்க."

"எனக்குமா?"

அக்கா வாழ்க்கையில் முதல் முறையாக யோசித்தாள்.

டாக்டரம்மா வலது காலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "எக்ஸ்ரேல எலும்புதாம்மா தெரியும். எலும்பை எலும்போட சேர்த்துப் புடிக்கிற லிகமென்ட் தெரியாது. உனக்கு அது கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. வீக்கம் வத்தட்டும். அப்புறம் மெல்ல மெல்ல அசைக்கணும். ஒத்தக் கால்ல ஸ்டெடியா நிக்க வந்தாத்தான் ஓட்டமே. இப்ப ஆடினே, முழுசா போயிடும்."

நான் கேட்பேனா? தேர்வு கைவிட்டுப் போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை என்ற கனவும் போச்சு. "ஆடியே தீருவேன்" என்றேன். திரும்பும் பஸ்ஸில் அக்கா என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தேர்வு நாள். மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். பக்கத்தில் தடால்!

"அய்யய்யோ, செத்தேன்டி! காலு பூட்ச்சு!"

அக்கா மண்ணில் புரண்டாள். என் கையை உடும்புப் பிடியாகப் பிடித்தவள், ஆஸ்பத்திரிக்கு நான் வந்தால்தான் ஆயிற்று என்று கூப்பாடு போட்டாள். இரண்டு பேரையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டு அனுப்பினார்கள். ஏறும்போது இடது காலைப் பிடித்துக்கொண்டு அலறியவள், இறங்கும்போது வலது காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"எந்தக் காலுதான்க்கா வலிக்குது?"

"இருடி, நானே கொழம்பிட்டேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஏன்க்கா இப்பிடிப் பண்ண? என் செலக்ஷன் போச்சே!"

"போனா போவுது. அடுத்த வருசம் ஆடிக்கலாம். லிகமென்ட் பூட்ச்சின்னா அடுத்த வருசம் இன்னாத்தடி ஆடுவ?"

"நீயும்தானே இன்னிக்கு ஆடணும்?"

கல்லூரியில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறு வருஷம் நான் தேர்வானேன். முதல் ஆட்டத்துக்குக் கிளியனூரிலிருந்து பஸ் ஏறி வந்து, கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினாள் அக்கா. அத்தனை கூட்டத்திலும் எனக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது.